பாட்டிலில் ஒட்டிய ஊர்



மேசைமேல் இந்தப் பாட்டிலை வைத்ததும் முன்வரிசை மாணவர்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஏமாற வேண்டாம், இது காலி பாட்டில். நண்பர் வீட்டு விசேஷத்தில் காலியானதை லேபிளுக்காகக் கேட்டு வாங்கிவந்தேன். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஒயினைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் வழக்குக் கட்டுகளின் வழியாக அறிந்ததுதான். ஆகவே ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள், கையை விரித்துவிடுவேன். பெயரைப் பற்றிக் கேளுங்கள்.

லேபிளைப் படிக்கிறேன். நடுவில் பெரிய எழுத்தில் 'ஷாம்பெய்ன்'. அதன் கீழே ஒரு குடும்பப் பெயர். பிரான்சில் மற்ற ஊர் ஒயின்கள் தங்கள் ஊர்ப்பெயரோடு, இது சட்டப்படி காக்கப்பட்ட பெயர் என்று ஒரு வரியும் சேர்த்து அச்சிட வேண்டும். ஷாம்பெய்னுக்கு அதிலிருந்து விலக்கு. பெயர் ஒன்றே போதும். இனி அடியில் பாருங்கள். நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டால்தான் தெரிகிறது. பொடி எழுத்தில் 'ஆர்.எம்.', அப்புறம் ஓர் எண், அப்புறம் ஓர் ஊர். 'ஆர்.எம்.' என்றால் திராட்சையை விளைவித்தவரே ஒயினும் செய்தார் என்று பொருள். 'என்.எம்.' என்று இருந்தால் பிறரிடம் திராட்சை வாங்கிச் செய்யும் கம்பெனி. நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் பெரிய பெயர்கள் எல்லாம் அந்த வகைதான். 'சி.எம்.' கூட்டுறவுச் சங்கம். 'எம்.ஏ.' என்றால் கடைக்காரர் தன் பெயரை ஒட்டச் சொல்லி வாங்கிய சரக்கு. அந்தக் கடைசி ஊர்ப்பெயரை இப்போது படிக்கப் போவதில்லை. அதற்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும்.

ஷாம்பெய்ன் என்பது பிரான்சின் வடகிழக்கில் உள்ள ஒரு பகுதியின் பெயர். இந்தச் சொல்லைப் பாட்டிலில் போட வேண்டுமானால், வரையறுத்த 319 ஊர்களில் அடையாளம் குறித்த நிலத்தில் திராட்சை விளைந்திருக்க வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 34,000 ஹெக்டேர். கையால்தான் பறிக்க வேண்டும், இயந்திரம் கூடாது. 4,000 கிலோ பழத்தைப் பிழிந்தால் 2,550 லிட்டர் சாறுதான் கணக்கில் வரும். அதற்குமேல் பிழிந்ததற்கு இந்தப் பெயர் கிடையாது. பாட்டிலில் அடைத்தபின் குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும். இவ்வளவும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

இதெல்லாம் குடிப்பவரை ஏமாற்றாமல் இருக்க வந்த சட்டம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். மாணவர்கள் பரீட்சையில் அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் குடித்தவன் யாரும் தெருவில் இறங்கிப் போராடியதாக எனக்குத் தெரியவில்லை. இறங்கியவன் விவசாயி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து ஒரு பூச்சி வந்தது. பெயர் ஃபில்லாக்செரா. திராட்சைக் கொடியின் வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். ஐரோப்பியத் தோட்டங்கள் வரிசையாகப் பட்டுப்போயின. ஒயினுக்குப் பஞ்சம் வந்ததும் ஒயின் அல்லாததெல்லாம் ஒயினாக விற்பனைக்கு வந்தது. உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் புளிக்கவைத்தார்கள். பிழிந்த சக்கையில் தண்ணீரும் சர்க்கரையும் விட்டு இரண்டாம் முறை ஓட்டினார்கள். காப்பியில் சிக்கரியைக் கூட்டிக்கொண்டே போவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1905-இல் பிரான்ஸ் கலப்படத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பெயர் உண்மையாக இருக்க வேண்டும் என்றது சட்டம். சரி, ஷாம்பெய்ன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அதைச் சொல்லாமல் பொய் எது, மெய் எது என்று பிரிக்க முடியாது. 1908 டிசம்பரில் அரசாணையால் ஒரு கோடு போட்டார்கள். மார்ன் மாவட்டம் உள்ளே. எய்ன் மாவட்டத்தில் ஒரு பகுதி உள்ளே. தெற்கே இருந்த ஓப் மாவட்டம் வெளியே.

ஓப் மாவட்டத்தின் தலைநகர் த்ருவா. இடைக்காலத்தில் ஷாம்பெய்ன் பிரபுக்கள் அரசாண்ட ஊரே அதுதான். ஐரோப்பா முழுவதும் வணிகர்கள் கூடிய ஷாம்பெய்ன் சந்தைகள் நடந்த ஊர்களில் ஒன்றும் அதுதான். தஞ்சாவூரை வெளியே தள்ளிவிட்டுச் சோழநாட்டு எல்லையை வரைந்த கதை.

கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. மார்ன் மாவட்டத்துக் கம்பெனிகள் லுவார் ஆற்றுப்புறத்திலிருந்தும் தெற்குச் சீமையிலிருந்தும் மலிவு ஒயினை ரயிலேற்றி வரவழைத்து, ஷாம்பெய்ன் என்று அடைத்தன. உள்ளூர்ப் பழத்துக்குக் கேள்வி இல்லை. 1910-இல் மழையும் பூஞ்சையும் சேர்ந்து விளைச்சலை ஏறக்குறைய முழுவதுமாகத் தின்றுவிட்டன. கடன்காரன் வாசலில் நிற்கிறான், தோட்டம் வெறிச்சோடிக் கிடக்கிறது, ஆனால் கம்பெனிக் கிடங்கில் மட்டும் ஷாம்பெய்ன் குறையவே இல்லை. கணக்கு தெரியாதவனுக்கும் அது புரிந்தது. 1911 ஜனவரியில் தாமெரி முதலான ஊர்களில் விவசாயிகள் வெளியூர் ஒயினை மறித்துப் பீப்பாய்களை உடைத்து ஆற்றில் கவிழ்த்தார்கள்.

அரசு பிப்ரவரியில் மார்ன்காரர்களுக்குச் சாதகமாகச் சட்டத்தை இறுக்கியது. உடனே ஓப் கொதித்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு த்ருவா வீதிகளில் ஊர்வலம் போனார்கள்; வரிச்சீட்டுகளைக் கொளுத்தினார்கள். அரசு பின்வாங்கியது. ஏப்ரல் 11 அன்று பாரிசில் செனட் சபை, எல்லைக்கோடே வேண்டாம் என்னும் பக்கம் சாய்ந்தது. அன்று இரவே செய்தி மார்ன் பள்ளத்தாக்குக்கு வந்துசேர்ந்தது.

ஆய் என்று அங்கே ஓர் ஊர். நமக்குக் கடையெழு வள்ளல்களில் ஒருவர் பெயர். அவர்களுக்கு ஷாம்பெய்ன் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் சிறு நகரம். மறுநாள் ஏப்ரல் 12, குதிரைப்படை வருவதற்குள் கூட்டம் ஆய்க்குள் புகுந்தது. நிலவறைகளை உடைத்துப் பாட்டில்களை நொறுக்கினார்கள். வணிகர் வீடுகளிலிருந்து மேசை நாற்காலிகள் தெருவுக்கு வந்தன. சில கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். உறைபனியிலிருந்து கொடியைக் காக்க வைத்திருந்த வைக்கோலிலும் தீ பிடித்தது, கொடிகளும் எரிந்தன. வெளியூர்ச் சரக்கு வாங்காதவர் என்று பெயரெடுத்த சிலருடைய வீடுகளைத் தொடாமல் கடந்துபோனார்கள் என்றும் சொல்வார்கள். எனக்கு அந்தச் செய்திதான் முக்கியம். குடித்துவிட்டுச் செய்த கலவரம் அல்ல அது. கையில் பட்டியல் இருந்தது.

ஜூன் மாதம் அரசு ஒரு சமாதானம் கண்டுபிடித்தது. ஓப்காரர்கள் ஷாம்பெய்ன் என்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் 'இரண்டாம் மண்டலம்' என்று சேர்த்துப் போட வேண்டும். பந்தியில் உட்காரலாம், ஆனால் கடைசி வரிசையில் என்றால் எப்படி இருக்கும்? இரு தரப்புக்கும் கசந்தது. சண்டை ஓய்வதற்குள் உலகப்போர் வந்து, அதே தோட்டங்களுக்கு நடுவே பதுங்குகுழி வெட்டினார்கள்.

கோடு போடுவது பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. 1716-இல் டஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ, கியான்டி உள்ளிட்ட நான்கு பகுதிகளுக்கு எல்லை குறித்து ஆணையிட்டார். 1756-இல் போர்ச்சுகலில் பொம்பால் பிரபு டூரோ பள்ளத்தாக்கை வரையறுத்தார். அங்கே விளைந்ததுதான் போர்ட் ஒயின். அவர் தாளில் எழுதியதோடு விடவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் மலைச்சரிவெங்கும் கருங்கல் தூண்களை நட்டார், மொத்தம் 335. நம் வயல்வரப்பில் சர்வே கல் நிற்குமே, அதுபோல, ஆளுயரம் இருக்கும். சில இன்னும் நிற்கின்றன. எல்டர் பழத்தால் ஒயினுக்குச் செயற்கையாகச் சிவப்பேற்றுகிறார்கள் என்று அந்த மரங்களையே வேரோடு பிடுங்கச் சொன்னார். விற்பனை உரிமை முழுவதையும் ஒரே கம்பெனியிடம் கொடுத்ததில் 1757-இல் போர்ட்டோ நகரத்துச் சாராயக்கடைக்காரர்கள் கலகம் செய்தார்கள். பலர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒயின் லேபிளின் சரித்திரத்தில் தூக்குமேடையும் உண்டு.

ஊர் எல்லை மட்டும் போதாது என்பது பிரான்சுக்கு அடிபட்டுத்தான் புரிந்தது. 1919-இல் ஒரு சட்டம் செய்து, எது எந்த ஊர் ஒயின் என்று முடிவு செய்வதை நீதிமன்றங்களிடம் விட்டார்கள். எங்கள் தொழிலுக்கு நல்ல காலம். ஆனால் அந்தச் சட்டம் பெரும்பாலும் ஊரைத்தான் பார்த்தது. ஊர் எல்லைக்குள் ஆற்றோரத்துச் சேற்றுநிலத்தில், கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் மட்டமான ரகத்தை நட்டுவிட்டு ஊர்ப்பெயரைப் போட்டுக்கொண்டார்கள். பொய் என்று சொல்ல முடியாது, ஊர் உண்மைதானே!

இந்த ஓட்டையை அடைக்க வழிகாட்டியவர் தென்பிரான்சில் ஷாத்தோநஃப்-து-பாப் என்ற ஊரில் இருந்த பியேர் லெ ருவா. வழக்கறிஞர், முதல் உலகப்போரில் விமானி, கல்யாணத்தின் வழியாகத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஆனவர். 1923-இல் ஊர் விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு அவர் வகுத்த விதிகளில் ஒன்றை என்னால் மறக்க முடியாது. எந்த நிலம் ஒயினுக்கு ஏற்றது? லாவண்டரும் தைம் செடியும் முளைக்கும் வறண்ட நிலம். வேறு எதற்கும் உதவாத கரடு. அங்கே விளைந்தால்தான் ஊர்ப்பெயர். இன்னின்ன ரகம், கொடியை இப்படித்தான் கவாத்து செய்ய வேண்டும், பறிக்கும்போது சொத்தையைக் கழித்தாக வேண்டும், சாராயச் சத்து 12.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று எல்லாம் எழுதினார். செடியைச் சாட்சிக்கு அழைத்த சட்டவாசகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. (இதே ஊர் 1954-இல் பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்குள் இறங்கக் கூடாது என்றும் ஓர் உத்தரவு போட்டது. எல்லையில் அவ்வளவு அக்கறை.)

போர்தோ பக்கத்து அரசியல்வாதி ஜோசப் கப்பூஸ் இதையே நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1935 ஜூலையில் ஆணை வந்தது. ஊர், ரகம், விளைச்சல் அளவு, செய்முறை எல்லாம் சேர்ந்ததுதான் பெயர். அதைக் காவல் காக்க ஒரு தேசியக் குழு. இன்று உலகமெங்கும் உள்ள புவிசார் குறியீட்டுச் சட்டங்களுக்கு இது மூத்த அண்ணன். ஓப் மாவட்டக் கதை அதற்கு முன்பே முடிந்திருந்தது. 1927 சட்டம் அதை முழு ஷாம்பெய்னாகச் சேர்த்துக்கொண்டது. இரண்டாம் மண்டலம் ஒழிந்தது.

எல்லைக்குள் சண்டை முடிந்ததும் பெயர் எல்லைக்கு வெளியே படையெடுத்தது. 1950-களின் முடிவில் லண்டனில் ஒரு கம்பெனி 'ஸ்பானிஷ் ஷாம்பெய்ன்' என்று விற்றது. ஸ்பெயினில் செய்தது என்று பட்டவர்த்தனமாகச் சொல்லித்தான் விற்றது. முதலில் குற்றவியல் வழக்கு. ஜூரிகள் விடுதலை செய்தார்கள். பிரெஞ்சுக் கம்பெனிகள் பன்னிரண்டு சேர்ந்து உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போயின. 1959-இல் நீதிபதி டாங்க்வெர்ட்ஸ் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். ஒரு பெயர் ஒரு முதலாளிக்குத்தான் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் ஊரில் அதே முறையில் அதே பொருளைச் செய்யும் எல்லோருக்கும் பொதுச்சொத்தாக இருக்கலாம் என்றார். ஊர்க் கிணறு மாதிரி. வெளியூர்க்காரன் வந்து இறைத்தால் கேட்க ஊரில் யாருக்கும் உரிமை உண்டு. நாங்கள் இன்றும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது.

பிறகு பெயர்க்காவல் கொஞ்சம் மிஞ்சிப் போயிற்று என்பது என் அபிப்பிராயம். 1993-இல் பாரிஸ் நீதிமன்றம் 'ஷாம்பெய்ன்' என்ற வாசனைத் தைலத்தைத் தடுத்தது. அதை யாரும் குடிக்கப் போவதில்லை. ஸ்பெயினில் 'சம்பானியோ', அதாவது 'குட்டி ஷாம்பெய்ன்' என்று பெயர் வைத்த சிற்றுண்டிக் கடைக்கு எதிரான வழக்கில், பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் இந்தப் பாதுகாப்பு பொருந்தும் என்று 2021-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2023-இல் பெல்ஜியம் சுங்கத்துறை 2,352 பீர் டப்பாக்களை நசுக்கிக் கொட்டியது. அந்த அமெரிக்க பீரின் மேல் நூறு ஆண்டுக்கு மேலாக 'பீர்களில் ஷாம்பெய்ன்' என்று ஒரு விளம்பர வரி இருந்தது, அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் என்னை வருத்துவது சுவிட்சர்லாந்து. வோ மாநிலத்தில் ஷாம்பெய்ன் என்றே ஒரு கிராமம் இருக்கிறது. பிரான்சைப் பார்த்து வைத்த பெயர் அல்ல, பழைய பெயர். அங்கேயும் திராட்சை உண்டு, நுரைக்காத சாதாரண வெள்ளை ஒயின் செய்கிறார்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தோடு 1999-இல் செய்த ஒப்பந்தத்தின்படி, 2004-லிருந்து அவர்கள் தங்கள் ஊர்ப்பெயரைத் தங்கள் பாட்டிலில் போடக் கூடாது. ஊர் எல்லையில் பெயர்ப்பலகை இருக்கலாம், தபால் முத்திரையில் இருக்கலாம். ஊர்ப்பெயர் உண்மையாக இருக்க வேண்டும் என்று தொடங்கிய சட்டம், உண்மையான ஊர்ப்பெயரைச் சொன்னால் தப்பு என்று வந்து நின்றது.

மறுபக்கம் ரஷ்யா. 2021 ஜூலையில் ஒரு சட்டம்: ரஷ்யாவில் செய்த நுரைக்கும் ஒயினுக்குத்தான் ரஷ்ய மொழியில் 'ஷம்பான்ஸ்கொயே' என்று பெயர், பிரான்சிலிருந்து வருவது தன் பின்பக்க லேபிளில் 'நுரைக்கும் ஒயின்' என்று போட்டுக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் திகைத்துப்போனார்கள்.   அமெரிக்காவிலோ 'கலிஃபோர்னியா ஷாம்பெய்ன்' தடையில்லாமல் தழைத்தது. 2006-இல் ஐரோப்பாவோடு உடன்பாடு வந்தபோதும், முன்பே புழக்கத்தில் இருந்த லேபிள்கள் அப்படியே தொடரலாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஊருக்குத் தக்கபடி பெயரை வைப்பது ஒரு வகை. பெயருக்குத் தக்கபடி ஊரை வைப்பது இன்னொரு வகை. இத்தாலியில் புரொசெக்கோ என்பது திராட்சை ரகத்தின் பெயராக இருந்தது. ரகத்தின் பெயரை யாரும் எந்த நாட்டிலும் பயன்படுத்தலாம், ஆஸ்திரேலியர்கள் பயன்படுத்தினார்கள். 2009-இல் இத்தாலி ஒரு காரியம் செய்தது. ரகத்துக்கு 'கிளேரா' என்று பெயரை மாற்றிவிட்டு, திரியெஸ்தே அருகே புரொசெக்கோ என்றே இருந்த கிராமம் உள்ளே வரும்படி எல்லையை நீட்டியது. இப்போது அது ஊர்ப்பெயர்! ஆஸ்திரேலியா 2013-இல் ஒப்புக்கொள்ளவில்லை. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் இத்தாலியர் பக்கம் நின்றது. ஒரே சொல், ஒரு நாட்டில் கொடி, இன்னொரு நாட்டில் மண்.

நம் ஊருக்கு வருகிறேன். நம் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் நிறைவேறி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்கும் பதிவகம் ஒன்றே ஒன்று, அது கிண்டியில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டும் மதுரை மல்லியும் பதிவான அதே ஏட்டில் ஷாம்பெய்னும் பதிவாகியிருக்கிறது. பெரு நாடும் அங்கே வந்தது. அவர்களிடம் 'பிஸ்கோ' என்று திராட்சையிலிருந்து வடிக்கும் ஒரு சாராயம். பிஸ்கோ என்பது அவர்கள் துறைமுக ஊர். பக்கத்து நாடான சிலியும் பிஸ்கோ செய்கிறது. பிஸ்கோ என்று சிலியிலும் ஊர் உண்டு. முன்பு லா யூனியோன் என்று இருந்த கிராமத்துக்கு 1936-இல் பிஸ்கோ எல்கி என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். இரண்டு தென்னமெரிக்க நாடுகளின் பங்காளிச் சண்டையைக் கிண்டியில் ஆரம்பித்துப் பல ஆண்டு நடத்தினோம். 2025 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி, பெருவின் சரக்குக்குப் 'பெருவியன் பிஸ்கோ' என்று முன்னடை சேர்த்துத்தான் பதிய வேண்டும் என்று தீர்ப்பளித்தார். மயிலாப்பூர்க்காரர் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் ஆண்டிஸ் மலைக்கு நாம் எல்லை போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆனால் நமக்கு ஒரு நியாயமான மனக்குறை உண்டு. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தில் 22, 23 என்று இரண்டு பிரிவுகள். பொதுவாக எல்லாப் பொருளுக்கும் 22. அதன்படி வாங்குபவர் ஏமாந்துபோகும்படி இருக்கிறது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். 23 ஒயினுக்கும் வடிசாராயத்துக்கும் மட்டும். அதில் யாரும் ஏமாற வேண்டியதில்லை. எங்கே செய்தது என்று உண்மையைச் சொன்னாலும், 'ஷாம்பெய்ன் மாதிரி', 'ஷாம்பெய்ன் பாணி' என்று எழுதினாலும் தப்புதான். 'டார்ஜிலிங் பாணித் தேயிலை, வேறு நாட்டில் விளைந்தது' என்று ஒருவன் அச்சிட்டால் யார் ஏமாந்தார் என்று நாம் சாட்சியைத் தேடி அலைய வேண்டும். சாராயத்துக்கு இருக்கும் மரியாதை தேயிலைக்கு இல்லை, நெசவுக்கும் இல்லை.

இது நேற்று வந்த பாரபட்சமும் அல்ல. 1891-இல் மாட்ரிட் நகரில் செய்த ஒப்பந்தத்திலேயே, எந்த ஊர்ப்பெயர் பொதுச்சொல் ஆகிவிட்டது என்று அந்தந்த நாட்டு நீதிமன்றம் முடிவு செய்யலாம், திராட்சைப் பொருள்களின் ஊர்ப்பெயர் மட்டும் அதில் சேராது என்று எழுதிவிட்டார்கள். ஒயின் விற்பவர்கள் அப்போதே அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். டார்ஜிலிங் தோட்டத்துத் தொழிலாளியும் காஞ்சிபுரத்து நெசவாளியும் உட்காரவில்லை. அவர்கள் நாடே அப்போது மேசைக்கு வர முடியாத நிலை. 23-ஆவது பிரிவை எல்லாப் பொருளுக்கும் விரிக்க வேண்டும் என்று இந்தியா பல ஆண்டாகக் கேட்கிறது. ஐரோப்பா இதில் நம் பக்கம். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் எதிர்ப்பக்கம். கோப்பு நகரவில்லை.

கேட்பது கிடைத்தால் விவசாயிக்குக் கிடைத்துவிடுமா? ஷாம்பெய்னில் இன்று தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு விவசாயிகள் கையில். விற்பனையில் சுமார் பத்தில் ஏழு பங்கு கம்பெனிகள் கையில். ஆனால் 1911-லிருந்த நிலை இல்லை. பெயர் மண்ணோடு கட்டப்பட்டதால் கம்பெனி அந்த விவசாயியிடம்தான் வந்து பழம் வாங்கியாக வேண்டும். லுவாரிலிருந்து ரயில் வராது. பழத்துக்கு நல்ல விலை நிற்கிறது. கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே இருக்கும் நிலத்துக்கும் ஒரு முழம் வெளியே இருக்கும் நிலத்துக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வெளியே கோதுமை விளையும் நிலத்துக்காரர்கள் உள்ளே வர இன்னும் காத்திருக்கிறார்கள். எல்லையைத் திருத்தும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்கிறேன். பொடி எழுத்தில், 'ஆர்.எம்.', ஓர் எண், அதையடுத்து 'லே ரிசே, ஓப்'. தெற்கே, ஓப் மாவட்டத்து ஊர். இன்று ஷாம்பெய்ன் தோட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1909-இல் இந்தக் குடும்பத்தின் பாட்டனார் இதே தோட்டத்துப் பழத்தைப் பிழிந்து, இதே முகவரியைப் போட்டு, மேலே இந்தச் சொல்லை அச்சிட்டிருந்தால் அவர் மோசடிக்காரர். லேபிளில் ஓர் எழுத்துகூட மாற வேண்டியதில்லை. பாட்டிலை மேசையிலேயே வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம், எழுத்து மிகவும் சிறியது.